வில்லாபுரத்தில் நான் கொடுத்த வாக்குமூலம்

உங்கள் பயிற்சி வகுப்புக்கு வந்து ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மதியச் சாப்பாடு முடிந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்களின் தலை ஒவ்வொன்றாகச் சாய்வதைப் பதினொரு வருடம் மேடையிலிருந்து பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. எழுதித் தருகிறேன், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கட்டும் என்றேன்.

முதியோர், விதவைகள், மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற பெண்கள் ஆகியோருக்கு மாதாமாதம் அரசு உதவித்தொகை வழங்கும் பிரிவில் தனி வட்டாட்சியராக இருந்தேன். பிறகு அதே வேலையைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளராக மதுரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். விதிகளை ஒப்பிப்பதில் எனக்கு நிகர் இல்லை என்று ஒரு கர்வம் உண்டு. முன்கோபமும் உண்டு. இந்த இரண்டும் சேர்ந்து, ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது, உயிரோடு இருந்த ஒரு பெண்ணைச் சாகடித்தன. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது ஒரு புதிய ஏற்பாடு வந்திருந்தது. நம் பக்கத்தில் ஒருவரை ‘இறப்பு’ என்று பதிந்தால், அந்தத் தகவல் தானாகவே ரேஷன் அட்டைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் போய்விடும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. அதைக் கற்றுக்கொடுக்க, வகுப்புக்கு இருபத்தெட்டுப் பேராகப் பத்து வகுப்பு நடத்தச் சொன்னார்கள். பயிற்சிக்கென்று தனித் தளம் ஒன்று தருவதாகச் சொல்லியிருந்தார்கள், தரவில்லை. அதனால் நான் உண்மையான தளத்திலேயே, உண்மையான ஒரு பயனாளியின் பக்கத்தைத் திறந்து, ‘இறப்பு’ என்பதைத் தேர்ந்தெடுத்து, கடைசிப் பொத்தான் வரைக்கும் போய்க் காட்டிவிட்டு அங்கிருந்து பின்வாங்கிவிடுவேன். ஒன்பது வகுப்புகளில் இப்படிச் செய்திருந்தேன். பொம்மைத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு சுடப் பழக முடியுமா என்று ஜம்பமாக வேறு கேட்பேன். வகுப்பு சிரிக்கும்.

அன்று வெள்ளிக்கிழமை. கடைசி வகுப்பு. பட்டியலில் முதலில் நின்ற பெயரைத் திறந்தேன். பிலோமினா, வயது ஐம்பத்தாறு, திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கான திட்டம், வில்லாபுரம். முதலில் நின்றது என்பதைத் தவிர அந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் எதுவும் இல்லை. ‘இறப்பு’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். திரையில் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது, நிற்கவில்லை. பின் வரிசையில் டீ வந்துவிட்டது, டம்ளர் சத்தம் கேட்டது. எல்லோருடைய கண்ணும் வாசல் பக்கம் போய்விட்டது. எரிச்சலில் மவுஸை நாலைந்து தடவை தட்டினேன். முதல் தட்டுக்கு அடுத்த பக்கம் திறந்தது. அடுத்த தட்டு, அதே இடத்தில் வந்து நின்ற ‘உறுதி செய்’ பொத்தானில் விழுந்தது.

லாகின் என்னுடையது. வட்டாட்சியர் நிலை லாகின் என்பதால் இன்னொருவர் ஒப்புதல் தேவையில்லை. ‘பயனாளியின் இறப்பு பதிவு செய்யப்பட்டது’ என்று பெரிய எழுத்தில் சுவர் முழுக்க வந்து நின்றது. மணி மூன்றே முக்கால். திரையின் மூலையில் அதுவும் இருந்தது.

“சார், இதுவும் டெமோதானே?” என்று யாரோ கேட்டார்கள்.

பின்வாங்கும் பொத்தானைத் தேடினேன், அப்படி ஒன்று அந்தப் பக்கத்தில் கிடையாது. இரண்டாவது வரிசையிலிருந்து முருகேஸ்வரி எழுந்து நின்றார். வில்லாபுரத்தில் அந்தப் பகுதிக்கு வி.ஏ.ஓ. அவர். வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

“சார், அது என் ஏரியா ஆளு சார்” என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது.

சென்னைக்குப் போன் போட்டேன். அங்கே தளத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி நல்ல மனிதர், திட்டவில்லை. இறப்புப் பட்டியல் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மற்றத் துறைகளுக்குப் போகும், அதற்கு முன்னால் அந்த அம்மாள் உயிரோடு இருப்பதை வி.ஏ.ஓ. நேரில் உறுதிசெய்து அனுப்பினால் நிறுத்திவிடலாம் என்றார். எப்படி உறுதிசெய்வது என்று எனக்குத் தெரியும், அதையும் நான்தான் கற்றுக்கொடுத்திருந்தேன். பதிவில் இருக்கும் வீட்டு வாசலில் நிறுத்தி, ஆப்பில் முகத்தைக் காட்டி, கண்ணைச் சிமிட்ட வைக்க வேண்டும். வேறு இடத்தில் எடுத்தால் ஆப் ஏற்காது. பழைய போட்டோவைக் காட்டினாலும் ஏற்காது. ஐந்து மணி தாண்டிவிட்டால் ஒவ்வொரு துறையாகப் போய்க் கெஞ்ச வேண்டும், வாரக்கணக்கில் இழுக்கும் என்றார்.

கடைசியாக ஒரு யோசனையும் சொன்னார். வழக்கமான சரிபார்ப்பு என்று சொல்லிப் போட்டோ எடுத்துவிட்டு வந்துவிடுங்கள், இறந்ததாகப் பதிந்த விஷயம் அந்த அம்மாளுக்குத் தெரியவே வேண்டாம் என்றார். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், அந்த நேரத்தில் பிலோமினாவைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. எட்டு மாதத்தைப் பற்றித்தான் நினைத்தேன்.

அன்று சாயங்காலமே முருகேஸ்வரியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வில்லாபுரம் போனேன். அது ஒரு லைன் வீடு, வரிசையாக ஏழு வாசல், நடுவில் பொதுக் குழாய். நாலாவது வாசலில் பூட்டுத் தொங்கியது. பதிவில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. குழாயடியில் குடம் வைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டோம். முருகேஸ்வரியின் கையிலிருந்த பைலைப் பார்த்துவிட்டு, “வேளாங்கண்ணிக்குப் போயிருக்காக” என்றாள். எப்போது வருவார் என்று கேட்டதற்குத் தெரியாது என்று தலையை ஆட்டினாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மறுபடியும் போனோம். அதே பூட்டு. இந்தத் தடவை கடைசி வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், அந்த அம்மா கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார். முருகேஸ்வரி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. ஏனென்றால் என் வகுப்புக் குறிப்பில் எட்டாம் பக்கத்தில் இருப்பது இதுதான்: பயனாளியின் வீடு மூன்று முறை பூட்டியிருந்து, அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் வெளியூர் சென்றதாகத் தெரியவந்தால், ‘குடிபெயர்ந்தவர்’ என்று பதிந்து உதவியை நிறுத்திவைக்கலாம். எத்தனை வகுப்பில் அதைச் சத்தமாகப் படித்திருப்பேன். இன்னும் ஒரே ஒரு பூட்டுப் பாக்கி இருந்தது, பிறகு நான் எழுதிய விதிப்படியே பிலோமினா காணாமல் போய்விடுவார்.

பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தோம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அந்த எண்ணுக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். மணி பத்தரை. ஒருத்தர் வேளாங்கண்ணி என்கிறார், இன்னொருத்தர் கோயம்புத்தூர் என்கிறார். இருவருமே யோசிக்காமல் சொன்னார்கள். பொய் சொல்லிப் பழகியவர்கள் இல்லை, அதனால்தான் ஊரைப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. எதற்காகச் சொல்கிறார்கள்? நாங்கள் என்ன செய்துவிடுவோம் என்று பயப்படுகிறார்கள்? முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலையைப் பார்த்த எனக்கு அந்தக் கேள்வி அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்தது. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு மூன்றாவது தடவை போனோம். பூட்டுத் தொங்கிய வீட்டுக்கு அடுத்த வீட்டில் நூர்ஜஹான் என்று ஒரு பெண் இருந்தார். நைட்டிக்கு மேலே துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, எங்களை உள்ளே விடாத மாதிரி கதவைப் பாதி சாத்தியிருந்தார். காலையிலிருந்து இரண்டு தடவை அவர் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்ததைக் கவனித்திருந்தேன். முருகேஸ்வரி வழக்கமான சரிபார்ப்பு என்று ஆரம்பித்தார். நான் அவரைத் தடுத்தேன்.

“அம்மா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். நேத்து கம்ப்யூட்டர்ல அவுங்க செத்துப்போயிட்டதாப் பதிஞ்சுட்டேன். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அவுங்களப் பாத்துச் சரி பண்ணலைன்னா ரேஷன், இன்சூரன்ஸ் எல்லாத்துலயும் செத்தவுங்கன்னு போயிரும். அவுங்களக் காட்டிக் குடுக்கச் சொல்லிக் கேக்கல. நான் பண்ணதச் சரி பண்ணணும்.”

நூர்ஜஹான் கதவை முழுக்கத் திறந்தார்.

“இன்சூரன்ஸுமா?” என்றார். “யா அல்லா. திங்கக்கெழம ஆஸ்பத்திரியில சேரணும் சார் அவ. செவ்வாக்கெழம ஆபரேஷன். அந்தக் கார்ட வச்சுத்தான்.”

கர்ப்பப்பையில் கட்டி. தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லி, இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. அறுவை சிகிச்சைக்கு முன்னால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சமயநல்லூரில் அக்கா மகள் வீட்டில் இருக்கிறார். அதை ஏன் மறைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். அடுத்த தெருவில் இதே உதவித்தொகை வாங்கிய ஒரு பெண், காலில் அடிபட்டு அண்ணன் மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருக்கிறார். விசாரிக்க வந்தவர்கள் ‘உறவினர் ஆதரவு உண்டு’ என்று எழுதி நிறுத்திவிட்டார்கள். அன்றையிலிருந்து அந்தப் பக்கத்தில் பைலோடு யார் வந்தாலும், யாரைக் கேட்டாலும், வெளியூர் என்றுதான் பதில். அறுவை சிகிச்சை முடியும் வரைக்கும் போனை அணைத்து வைக்கும்படி சொன்னதும் நூர்ஜஹான்தான்.

உறவினர் ஆதரவு. என் குறிப்பில் ஆறாம் பக்கம். நூர்ஜஹானிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் தன் போனிலிருந்து அக்கா மகளுக்குப் பேசினார். நாங்கள் ஆட்டோ பிடித்தோம், நூர்ஜஹானும் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு ஏறிவிட்டார். நீங்கள் எதற்கு என்று கேட்டதற்கு, “நான் இல்லாம ஒங்க கூட அவ வர மாட்டா” என்றார். சமயநல்லூர் போய்ச் சேரும்போது மணி ஒன்றே கால்.

பிலோமினா நடுவீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. மடியில் ஆஸ்பத்திரி பைலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மிஷன் பள்ளி ஹாஸ்டல் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் சமையல் வேலை பார்த்தவர் என்று வழியில் நூர்ஜஹான் சொல்லியிருந்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், எதையும் விடவில்லை.

“எப்ப சார் செத்தேன்?” என்றார்.

“நேத்து. மூணே முக்காலுக்கு.”

அவர் யோசித்தார். “அந்நேரம் ஸ்கேன் எடுத்துக்கிட்டு இருந்தேன். மூச்ச இழுத்துப் பிடிங்கன்னு சொன்னாங்க. பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

யாரும் சிரிக்கவில்லை. பதிந்தது நீங்களேதானா என்று மறுபடி கேட்டார், நான்தான் என்றேன். வில்லாபுரம் வரைக்கும் வர வேண்டும், அங்கேதான் போட்டோ எடுக்க முடியும் என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். அக்கா மகள், உடம்பு இருக்கிற நிலையில் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு போகவேண்டுமா, இவர்கள் பண்ணிய தப்புக்கு இவர்களே அலையட்டும் என்று கோபமாகச் சொன்னாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

ஆட்டோக்காரரை மெதுவாக ஓட்டச் சொன்னோம். பள்ளம் வந்தால் பிலோமினா கண்ணை மூடிக்கொண்டு நூர்ஜஹானின் கையைப் பிடித்துக்கொள்வார். வேகமாகப் போகச் சொல்லவும் முடியவில்லை, மெதுவாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. காளவாசல் சிக்னலில் மூன்று தடவை பச்சை விழுந்தும் எங்கள் ஆட்டோ நகரவில்லை. முன்னால் ஒரு லாரி நின்றுவிட்டது. மணி இரண்டே முக்கால், மூன்று, மூன்று பத்து. என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. இந்த அம்மாளுக்கு இங்கேயே ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பு வந்தது, அதை விரட்டினால் மறுபடி வந்தது. பைபாஸ் ரோடு, பழங்காநத்தம் எல்லாம் தாண்டி வில்லாபுரம் வரும்போது மூன்று ஐம்பது.

பூட்டைத் திறந்து வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். முருகேஸ்வரி போனை நீட்டினார். வட்டத்துக்குள் முகம் வந்தது. ‘கண்ணைச் சிமிட்டவும்’ என்று ஆப் கேட்டது. பிலோமினா பயத்தில் கண்ணை அகல விரித்து, ஆடாமல் அசையாமல் போனையே பார்த்தார். முகம் உறுதியாகவில்லை என்று வந்தது. இரண்டாவது தடவையும் அப்படித்தான். ஐந்து தடவை தவறினால் ஆப் அன்றைக்கு மூடிக்கொள்ளும். மூன்றாவது தடவை சிமிட்டுவதற்குப் பதிலாக இறுக்கி மூடிவிட்டார். நான் பொறுமை இழந்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன், நல்லவேளை நூர்ஜஹான் முந்திக்கொண்டார்.

“ஏ பிலோ, செத்தவதான்டி இப்டி முழிச்சுக்கிட்டே இருப்பா. உசுரோட இருக்கவ மாதிரிப் பாருடி.”

பிலோமினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் வயிறு வலித்தது. வலியில் கண்ணைச் சிமிட்டினார். ஆப் பச்சையாகியது.

அதற்குப் பிறகு வருவாய் ஆய்வாளருக்கு ஒரு போன், அந்தப் பகுதி வட்டாட்சியருக்கு ஒரு போன். ஒருத்தர் கல்யாண மண்டபத்தில் இருந்தார், சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுப்பி ஒப்புதல் போட வைத்தேன். நாலு நாற்பதுக்குச் சென்னையிலிருந்து போன் வந்தது. பட்டியலிலிருந்து எடுத்தாகிவிட்டது என்றார் அந்த அதிகாரி. அந்தப் பெண்மணிக்கு ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

கிளம்பலாம் என்று முருகேஸ்வரியைப் பார்த்தேன். அப்போதுதான் பிலோமினா கூப்பிட்டார்.

“சார், எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

எதை என்று கேட்டேன்.

“நான் உசுரோட இருக்கேன், தப்பு ஒங்களதுன்னு. ஆபரேஷனுக்காகத்தான் அக்கா மக வீட்டுல இருந்தேன்னும் எழுதணும். கம்ப்யூட்டர எனக்குத் தெரியாது சார். நேத்துச் சாகடிச்சுச்சு, இன்னிக்குப் பொழைக்க வச்சுச்சு. திங்கக்கெழம என்ன பண்ணும்னு யாருக்குத் தெரியும்.”

முருகேஸ்வரி என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். “எழுதிக் குடுக்காதீங்க சார். எல்லாம் சரியாப் போச்சுல்ல. நாளைக்கு இது எங்கயாவது போய் நின்னா ஒங்க ரிட்டயர்மெண்ட்டு என்னாகும்?” என்றார். அக்கறையோடுதான் சொன்னார். எனக்கும் அதே நினைப்புத்தான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்த துணை வட்டாட்சியர் ஒருவர் இருந்தார். கெட்டவர் இல்லை, நாலு பேருக்கு நல்லது செய்தவர்தான். அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம், மாட்டிக்கொண்டால் வாயால் எத்தனை மன்னிப்பு வேண்டுமானாலும் கேள், கையால் மட்டும் எழுதாதே என்பது. அந்தப் பாடத்தை நான் ஒரு நாளும் மீறியதில்லை. அதனால்தான் என் பணிப் பதிவேட்டில் அதுவரை ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை.

பிலோமினா கெஞ்சவில்லை. நாற்காலியில் சாய்ந்து, ஆஸ்பத்திரி பைலை மடியில் வைத்துக்கொண்டு, காத்திருந்தார். அலுவலக வாசலில் எத்தனை வருடமாக இப்படிக் காத்திருந்தாரோ. அவரை அந்த வாசலில் காத்திருக்க வைத்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பயத்தோடுதான் முருகேஸ்வரியிடம் வெள்ளைத்தாள் கேட்டேன்.

வீட்டுக்குள் போய்ப் பெட்டி மேலே தாளை வைத்து எழுதினேன். பெயர், பதவி, என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யார் தவறு, எல்லாம். கையெழுத்துப் போட்டு, தேதியும் என் போன் எண்ணும் எழுதிக் கொடுத்தேன். பிலோமினா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். முடித்துவிட்டுத் தாளை என்னிடமே திருப்பி நீட்டினார்.

“கடைசில எழுதலயே சார்.”

“என்னம்மா எழுதணும்?”

“‘படித்துப் பார்த்தேன், சரி’ன்னு. என்கிட்ட வாக்குமூலம் வாங்கும்போதெல்லாம் எழுதச் சொல்வாங்களே.”

உங்களுக்குத் தெரியும். மனுப் போட்டவரிடம் விசாரித்து வாக்குமூலம் எழுதினால், கடைசியில் அவர் கையால் அந்த வரியை எழுத வைத்து, கையெழுத்து வாங்கி, அதற்குக் கீழே அதிகாரி ‘என் முன்பாக’ என்று எழுதி ஒப்பமிட வேண்டும். இல்லாவிட்டால் அது செல்லாது. நான் ஆயிரம் பேரிடம் அந்த வரியை வாங்கியிருப்பேன். என் கையால் ஒரு தடவைகூட எழுதியதில்லை. எழுதினேன். எழுத்து கோணலாக விழுந்தது. பிலோமினா தாளை வாங்கிக்கொண்டு, என் பேனாவையும் வாங்கிக் கீழே ஏதோ எழுதினார். மடித்து ஆஸ்பத்திரி பைலுக்குள் வைத்துவிட்டார். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார், பிலோமினாவைத் திரும்பச் சமயநல்லூரில் விட வேண்டும். அவர் என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு என் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் காப்பீட்டுப் பிரிவிலிருந்து பேசினார்கள். அவர்கள் திரையில் பிலோமினா இறந்தவர் என்று காட்டுகிறது, ஆனால் எதிரே நிற்கிறார், உங்கள் கையெழுத்தில் ஒரு தாள் வைத்திருக்கிறார், இது உண்மையா என்று கேட்டார்கள். சனிக்கிழமை எடுத்தாகிவிட்டது என்று சொன்னது எங்கள் பக்கத்துப் பட்டியலில்தான். காப்பீட்டுப் பக்கத்துக்கு அதற்குள் எப்படியோ தகவல் போயிருக்கிறது, அது மாற இன்னும் நாலு நாள் ஆகும். “உண்மைதாங்க. நான் எழுதுனதுதான். அவுங்கள அனுப்பிராதீங்க” என்றேன். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர்கள் மேலிடத்தில் பேசி, தனியாக ஒப்புதல் வாங்கிச் சேர்த்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை நடந்தது. மத்தியானம் நூர்ஜஹான் போன் செய்து, பிலோமினா கண் விழித்துவிட்டதாகச் சொன்னார். அலுவலகத்தில் என் மேஜையில் தலையை வைத்து அழுதேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று இருந்தது.

ஆஸ்பத்திரிக்காரர்கள் காப்பீட்டுக்கு அனுப்பிய காகிதங்களோடு என் தாளின் நகலையும் இணைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை இறந்தவருக்குச் செவ்வாய்க்கிழமை எப்படி அறுவை சிகிச்சை என்று அங்கே ஒருவர் கேள்வி எழுப்ப, அது துறை துறையாகச் சுற்றி, இரண்டு மாதத்தில் எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணையாக வந்து சேர்ந்தது. துணை வட்டாட்சியர் சொன்னது அப்படியே பலித்தது. அந்தத் தாள் இல்லையென்றால் என் மேல் எதுவுமே வந்திருக்காது. ‘கண்டனம்’ என்ற தண்டனையோடு முடித்தார்கள். பணிப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் அது இருக்கிறது. எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். கறை இல்லாமல் வீட்டுக்குப் போக ஆசைப்பட்டவன்தான் நானும். ஆனால் ஆறாம் பக்கத்தையும் எட்டாம் பக்கத்தையும் குறிப்பிலிருந்து கிழித்துவிட்டுத்தான் போனேன். உங்கள் குறிப்பில் அந்த எண்கள் விட்டுப்போயிருப்பதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

விசாரணை நாளன்று அதிகாரி என் எதிரே அந்த நகலை வைத்தார். நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்து, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றேன். படித்துப் பார்த்தேன், சரி என்பது வரைக்கும் வந்தார். அதற்குக் கீழே விரலை வைத்தார்.

“இங்க ‘என் முன்பாக’ன்னு எழுதி ஒரு கையெழுத்து இருக்கே. எந்த ஆபீசர் இது? அவரையும் விசாரிக்கணும்ல.”

அப்போதுதான் அதை முதல் தடவை பார்த்தேன். தாளின் வலது பக்கக் கீழ் மூலையில், நாம் எங்கே ஒப்பமிடுவோமோ சரியாக அங்கே, குண்டு குண்டான எழுத்தில் ‘என் முன்பாக’ என்று எழுதி, பிலோமினா என்று கையெழுத்திட்டு, தேதி போட்டிருந்தார்.

“ஆபீசர் இல்ல சார். பயனாளி.”

“செத்ததாப் பதிஞ்சீங்களே, அவங்களா?”

“அவுங்கதான் சார்” என்றேன். “அதுக்கு மறுநாள் போட்ட கையெழுத்து.”